பெரியம்மா கோபித்துக்கொண்டு போகவில்லை

பெரியப்பாவின் வருஷத் திதி முடிந்த கையோடு பெரியம்மா சென்னையில் மகன் வீட்டிலிருந்து கிளம்பி மதுரையில் தனிக்குடித்தனம் வைத்தார். நரிமேட்டுப் பக்கம் ஒரு மாடிப் போர்ஷன். ஓர் அறை, ஒரு சமையல்கட்டு, துணி காயப்போடக் கொஞ்சம் மொட்டைமாடி. வயது 73. முழங்கால் வலி உண்டு, சர்க்கரை உண்டு, படுக்க வைக்கிற வியாதி எதுவும் இல்லை. பெரியப்பா அரசுப் பள்ளி வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் மாதம் பிறந்தால் குடும்ப ஓய்வூதியம் வந்துவிடும். வாடகை, மளிகை, மாத்திரை எல்லாம் அதற்குள் அடங்கும் என்று ஒரு பழைய டைரியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னார்.

சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான். "யாரு என்ன சொன்னது?" அண்ணி ஏதாவது சுருக்கென்று பேசிவிட்டாரா, பேத்தி எதிர்த்துப் பேசினாளா, அண்ணன் ஓய்வூதியப் பணத்தில் கை வைத்தானா. பெண்பிள்ளை இருந்திருந்தால் இப்படி விட்டிருப்பாளா என்று ஒரு சித்தி. சோற்றுக்குக் கணக்குப் பார்த்திருப்பார்கள் என்று ஒரு மாமா. அந்த வீட்டில் அந்த மாமா சாப்பிட்டே பல வருஷம் இருக்கும். பெரியம்மா எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னார். "யாரும் ஒண்ணும் சொல்லல. அங்க எனக்கு ஒரு குறையும் இல்ல. தனியா இருக்கணும்னு தோணுச்சு, அவ்வளவுதான்." இந்தப் பதிலை ஒருவரும் வாங்கிக்கொள்ளவில்லை. பெருந்தன்மை, விட்டுக்கொடுக்காத குணம், மருமகளைக் காட்டிக்கொடுக்காத மாமியார் என்று அதற்கு ஆளுக்கு ஓர் உரை எழுதினார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பெண் வீட்டை விட்டுப் போவதற்கு இருக்கிற ஒரே வழி கோபித்துக்கொண்டு போவதுதான். புதுப்பெண் என்றால் அம்மா வீட்டுக்கு, வயதானவள் என்றால் தம்பி வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ. போனால் பின்னாலேயே சமாதானம் பேச ஆள் போக வேண்டும். சமாதானம் பேச விஷயமே இல்லாமல் ஒருத்தி போய்விட்டால் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

எனக்கும் இது உறுத்திக்கொண்டே இருந்தது. நானும் உள்ளுக்குள் காரணம் தேடிக்கொண்டுதான் இருந்தேன். கண்டுபிடித்ததாகவும் நினைத்தேன். சென்னை வீட்டில் பெரியம்மாவுக்கும் பிளஸ் டூ படிக்கிற பேத்திக்கும் ஒரே அறை. பெரியம்மா அந்தக் காலத்து வாசகி. வார இதழ்களிலிருந்து தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, பைண்டு பண்ணி, முதுகில் மையால் பெயர் எழுதி வைத்திருப்பார். லக்ஷ்மி, சிவசங்கரி, அனுராதா ரமணன் என்று அந்தத் தலைமுறை மொத்தமும் இரண்டு டிரங்குப் பெட்டிகளில் இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் லைட்டைப் போட்டுப் படிக்க வேண்டும். பேத்தி தூங்குகிற அறையில் அது முடியாது. இதைத் துப்பறிந்துவிட்ட பெருமையில் போனில் கேட்டபோது பெரியம்மா சிரித்தார். "ஒரு லைட்டுக்காகவா வீட்ட விட்டு வருவாங்க? டேபிள் லாம்ப் வாங்கிக் குடுத்தான் உங்க அண்ணன்." சரி, அதுவும் இல்லை.

அப்புறம்தான், வயதான பெண்களை நடுவில் வைத்து எழுதப்பட்ட நாவல்களை அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பப் படிக்க ஆரம்பித்தேன். பெரியம்மாவைப் புரிந்துகொள்ள என்று சொல்லிக்கொண்டேன். கோபம் இல்லாமல் வீட்டை விட்டுப் போன கிழவி எந்தக் கதையிலாவது இருக்கிறாளா என்று பார்ப்பதுதான் உண்மையான நோக்கம்.

காசிக்குப் போகிறேன் என்று சொல்லியிருந்தால்

இருக்கிறாள். 1931ல் விடா சாக்வில்-வெஸ்ட் எழுதிய 'ஆல் பேஷன் ஸ்பென்ட்' நாவலில் லேடி ஸ்லேனுக்கு 88 வயது. கணவர் இந்தியாவின் வைஸ்ராயாகவும் இங்கிலாந்தின் பிரதமராகவும் இருந்து, 94 வயதில் இறந்திருக்கிறார். உடல் இன்னும் மாடியில்தான் இருக்கிறது. கீழே பிள்ளைகள் கூடி அம்மாவை என்ன செய்வது என்று பேசுகிறார்கள். ஆறு பேர், மூத்தவருக்கே எழுபதை நெருங்குகிற வயது. யார் வீட்டில் எத்தனை மாதம், செலவை எப்படிப் பகிர்வது என்று ஒரு சுற்று போய்க்கொண்டிருக்கிறது. படிக்கும்போது எனக்கு லண்டன் மறந்துவிட்டது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்திப்பாயில் உட்கார்ந்து பேசுகிற எங்கள் வீட்டு ஆட்கள்தான் தெரிந்தார்கள். அம்மாவோ வாழ்நாள் முழுக்கச் சொன்னபடி கேட்டவர். அவர் கீழே வந்து, ஹாம்ப்ஸ்டெட்டில் ஒரு சின்ன வீடு, முப்பது வருஷத்துக்கு முன் பார்த்து வைத்தது, அங்கே போய் இருக்கப்போகிறேன் என்கிறார். பேரன் பேத்திகள் கூட அங்கே வர வேண்டாம், அவர்கள் எல்லாம் சின்னவர்கள், எனக்கு என் வயதுக்காரர்கள் போதும் என்றும் சேர்த்துச் சொல்கிறார். மகள் கேரி திகைத்துப் போகிறாள். அம்மாவுக்குத் துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்றுதான் முதலில் அவர்களுக்குத் தோன்றுகிறது.

இந்த இடத்தில் ஒன்று கவனித்தேன். லேடி ஸ்லேன் சாமி பெயரை இழுக்கவில்லை. நம் ஊரில் வயதான பெண் குடும்பத்தை விட்டு விலகுவதற்கு ஒரு கௌரவமான வாசல் எப்போதும் திறந்தே இருக்கிறது. தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' 1966ல் வந்தது. அதில் அலங்காரத்தம்மாள் கடைசியில் காசிக்குப் போகிறாள். கணவனையும் பிள்ளைகளையும், கணவனுக்கு வெளியே உறவு வைத்திருந்த சிவசுவையும் விட்டுவிட்டு ஒரு பெண் கிளம்புகிறாள். அந்தக் கிளம்புதலை வாசகர்களும் ஏதோ ஒரு வகையில் ஏற்றுக்கொண்டோம் என்றால் அது காசி என்பதால்தான். அவளே தேர்ந்துகொண்ட தண்டனை என்று வாசித்துவிட முடிகிறது. அலங்காரம் தஞ்சாவூரில் ஒரு மாடிப் போர்ஷன் எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தாள் என்று முடித்திருந்தால் அந்த நாவலுக்கு எழுந்த எதிர்ப்பு இன்னும் எத்தனை மடங்காகியிருக்கும்? பெரியம்மாவும் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிக்கொண்டு கிடக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சொந்தம் மொத்தமும் கன்னத்தில் போட்டுக்கொண்டு அனுப்பி வைத்திருக்கும். அவர் அதைச் சொல்லவில்லை. இத்தனைக்கும் மதுரைக்குப் போனதிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார். அதைக் காரணமாகக் காட்டுவது மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. எங்கள் அப்பத்தா சாகும்வரை தனியாகத்தான் பொங்கித் தின்றார். சிவகங்கைப் பக்கத்துக் கிராமத்தில், மகன் வீட்டுக்கு அடுத்த குச்சு வீட்டில், தனி அடுப்பு, தனிப் பானை, இரண்டு கோழி. மீன் வாங்கினால் மருமகள் வீட்டுக்கு ஒரு கிண்ணம் போகும், அங்கே ஆட்டுக்கறி என்றால் இங்கே ஒரு கிண்ணம் வரும். இதை யாரும் தனிமை என்று சொன்னதில்லை. கொஞ்சம் தள்ளிக் காரைக்குடிப் பக்கம் போனால் நகரத்தார் வீடுகளில் கல்யாணமான பிள்ளைகளை 'வேறு வைப்பது' என்று ஒரு வழக்கமே உண்டு. ஒரே பெரிய வீடு, ஒவ்வொரு புள்ளிக்கும் தனிச் சமையல். அப்படிப் பார்த்தால் ஒரு கூரைக்குக் கீழ் ஒரே அடுப்பு என்பது ஒன்றும் ஆதிகாலத்துத் தமிழ்ப் பண்பாடு கிடையாது. இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் இன்னொரு அடுப்பு வைக்க இடம் இல்லாததால் வந்த பண்பாடு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அப்பத்தா தனியாகப் பொங்கியதில் வறுமையும் இருந்தது, வீம்பும் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவரிடம் போய் "யார் என்ன சொன்னது?" என்று யாரும் கேட்கவில்லை.

நந்தா கவுலின் பொய்

லேடி ஸ்லேனைப் படித்து முடித்தபோது எனக்கு ஒரு குதூகலம். சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அந்தப் புத்தகத்தை வாங்கி அனுப்ப வேண்டும் போல இருந்தது. பெரியம்மா கட்சியில் நான் சேர்ந்துவிட்டேன். அடுத்து எடுத்தது அனிதா தேசாயின் 'ஃபயர் ஆன் தி மவுண்டன்'. 1977ல் வந்த நாவல், அடுத்த ஆண்டே சாகித்திய அகாதெமி விருது பெற்றது. கல்லூரிக் காலத்தில் படித்தது. நினைவில் இருந்ததெல்லாம் கசௌலி மலை, பைன் மரங்கள், கடைசியில் தீ. மீண்டும் படித்தபோது அந்தப் புத்தகம் என் குதூகலத்தை அப்படியே பிடுங்கிக்கொண்டது.

நந்தா கவுல் ஒரு பல்கலைக்கழகத் துணைவேந்தரின் மனைவி. வீடு நிறையப் பிள்ளைகள், விருந்தாளிகள், வேலைக்காரர்கள் என்று பல வருஷம் ஓட்டியவர். கணவர் இறந்து பிள்ளைகள் கரை சேர்ந்ததும் கசௌலியில் கரிஞானோ என்ற வீட்டுக்குத் தனியாக வந்துவிடுகிறார். யாரும் வேண்டாம், எதுவும் வேண்டாம். ஒரு மரம்போல நின்றால் போதும், அதற்கு மேல் எதையும் சுமக்கத் தயாரில்லை என்று இருக்கிறார். தபால்காரர் மேலே ஏறி வருவதைப் பார்த்தாலே எரிச்சல். கொள்ளுப்பேத்தி ராகா டைபாயிடில் விழுந்து எழுந்தவள், கோடைக்கு அவளை அங்கே அனுப்புகிறேன் என்று மகளிடமிருந்து கடிதம் வருகிறது. நந்தாவுக்கு வேண்டா வெறுப்பு. வந்த பெண்ணோ கிழவியை விடப் பெரிய தனிமைப் பிரியை. பாட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பள்ளத்தாக்கில் இறங்கிச் சுற்றுகிறாள். இங்கேதான் தேசாய் ஒரு வேலை செய்கிறார். யாரும் வேண்டாம் என்ற கிழவிக்கு, தன்னை வேண்டாம் என்கிற குழந்தையின் மேல் ஆசை வந்துவிடுகிறது. அவளைப் பிடித்து உட்கார வைக்கக் கதை சொல்கிறார். என் அப்பா திபெத்துக்குப் போனார், எங்கள் வீட்டில் கரடி வளர்த்தோம், சிறுத்தை வளர்த்தோம் என்று. குழந்தை கொஞ்சம் கேட்கிறது, அப்புறம் அலுத்துப்போய் ஓடிவிடுகிறது.

கடைசிப் பக்கங்களில் போன் அடிக்கிறது. சிறுவயதுத் தோழி இலா தாஸ் பகலில்தான் கரிஞானோவுக்கு வந்து தேநீர் குடித்துவிட்டுப் போயிருக்கிறாள். சமூகநலத் துறையில் சொற்பச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவள், கிராமத்தில் ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் பார்த்தவள். திரும்பிப் போகிற வழியில் அந்தப் பெண்ணின் தகப்பன் அவளை நாசமாக்கிக் கொன்றுவிட்டான் என்று போலீஸ் சொல்கிறது. ரிசீவரைப் பிடித்தபடி நிற்கிற நந்தா கவுலுக்கு அதுவரை தன்னிடமே சொல்லிக்கொண்டு வந்த எல்லாம் கழன்று விழுகிறது. அப்பா திபெத்துக்குப் போகவே இல்லை. கரடியும் இல்லை, சிறுத்தையும் இல்லை. கணவர் அவரை நேசித்ததும் இல்லை. டேவிட் என்ற கணக்கு ஆசிரியையோடு ஆயுள் முழுக்க உறவு வைத்திருந்தார். பிள்ளைகளையும் நந்தாவால் புரிந்துகொள்ளவோ நேசிக்கவோ முடியவில்லை. கரிஞானோவுக்கு வந்தது கூட ஆசைப்பட்டு வந்ததில்லை. வேறு போக்கிடம் இல்லாமல் வந்தது. விருப்பம் என்று நாம் நாவல் முழுக்க நம்பியது, நிர்ப்பந்தத்துக்கு அவர் போட்டுக்கொண்ட கௌரவமான சேலை. ஜன்னலுக்கு வெளியே ராகா நின்றுகொண்டு காட்டுக்குத் தீ வைத்துவிட்டேன் என்கிறாள். நாவல் முடிந்துவிடுகிறது.

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. "எனக்கு ஒரு குறையும் இல்ல" என்று பெரியம்மா சொன்னதும் திபெத்துக் கதைதானா? சென்னை வீட்டில் யாரும் எதுவும் சொல்லாமல் இருந்ததுதான் குறையோ? காலையில் ஆளுக்கொரு பக்கம் கிளம்பி, ராத்திரி ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்து, "அம்மா சாப்டியா" என்ற ஒரு கேள்வியோடு நாள் முடிகிற வீடு. ஏற்கெனவே தனியாகத்தான் இருந்தார், அதற்கு மதுரை என்று பெயர் மாற்றிக்கொண்டார் என்று எடுத்துக்கொள்ளலாமா? அப்படியானால் சொந்தக்காரர்கள் கேட்ட கேள்வி சரிதான், கேட்ட தொனிதான் தப்பு என்றாகிவிடுகிறது. லேடி ஸ்லேனுக்கும் நந்தா கவுலுக்கும் நடுவே பெரியம்மாவை எங்கே நிறுத்துவது என்று ரொம்ப நாள் குழம்பினேன்.

இப்போது எனக்கு வேறு விதமாகப் படுகிறது. அண்ணன் 24 வயதில் வேலைக்காகச் சென்னைக்குப் போனான். ஆசைப்பட்டுப் போனானா, மதுரையில் வேலை இல்லாமல் போனானா, பெரியப்பாவின் அதட்டல் தாங்காமல் போனானா? மூன்றும் கலந்துதான். யாரும் அதைப் பிரித்துக் காட்டச் சொல்லவில்லை. ஆண் போனால் போனதாகவே எடுத்துக்கொள்கிறோம். கிழவி போனால் மட்டும் அவள் விருப்பத்தில் கலப்படம் இருக்கிறதா என்று உரசிப் பார்க்கிறோம். நந்தா கவுலின் தனிமை பொய் என்று தெரிந்த பிறகும், அந்தப் பைன் மரத்தடியில் அவருக்குக் கிடைத்த காலை நேரங்கள் பொய்யாகிவிடுமா? தேசாய் ஆம் என்கிறார் போலத் தெரிகிறது. நாவலாசிரியராக அவருக்கு அந்தக் கொடூரம் தேவைப்பட்டிருக்கலாம். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. கட்டாயத்தில் வந்து சேர்ந்த இடத்தில் பிறகு ஆசை பிறக்காது என்று யார் சொன்னது? நம் பாட்டிமார் பாதிப் பேரின் கல்யாணக் கதை அதுதானே.

அண்ணியின் பக்கம்

இதையெல்லாம் அண்ணியிடம் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தபோது அவர் குறுக்கிட்டார். "எல்லாம் சரி. ராத்திரி பாத்ரூம்ல வழுக்கி விழுந்தா போன் யாருக்கு வரும்? எனக்குத்தான வரும்? உங்க அண்ணன் மீட்டிங்குல இருப்பாரு." பதில் சொல்ல முடியவில்லை. பெரியம்மாவின் சுதந்திரம் அண்ணியின் கைபேசியில் மாட்டித் தொங்கிக்கொண்டிருக்கிறது. கோபித்துக்கொண்டு போனார் என்ற பழியும் அண்ணி தலையில்தான். எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் அவரை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். ஒரு குற்றமும் செய்யாமல் ஒருத்தர் கொடுமைக்கார மருமகளாகிவிட்டார்.

அண்ணியின் பக்கத்தை எழுதிய நாவல் என்று தேடினால் எனக்கு முதலில் தோன்றுவது ஜப்பானின் சவாகோ அரியோஷி. 1972ல் வந்த அவருடைய நாவல் ஆங்கிலத்தில் 'தி ட்வைலைட் இயர்ஸ்' என்று கிடைக்கிறது. அகிகோ ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் நடுவயதுப் பெண். பின்கட்டில் இருந்த மாமியார் திடீரென்று இறந்துபோக, 84 வயது மாமனாருக்கு மனைவி செத்ததே புரியவில்லை என்பது அப்போதுதான் தெரிகிறது. நினைவு கழன்றுகொண்டே வருகிறது. பெற்ற மகனைத் திருடன் என்று நினைத்துப் பயப்படுகிறார். அவருக்கு அடையாளம் தெரிகிற மிகச் சிலரில் ஒருத்தி அகிகோ. கல்யாணமான நாளிலிருந்து அவர் யாரைக் குத்திக் காட்டிக்கொண்டே இருந்தாரோ அதே மருமகள். மகன், தனக்கும் ஒருநாள் இந்தக் கதி வரும் என்ற பயத்தில் ஒதுங்கி ஒதுங்கிப் போகிறார். ராத்திரி எழுப்பிச் சிறுநீர் கழிக்க வைப்பது, குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது எல்லாம் அகிகோ. அரியோஷி எதையும் பூசி மெழுகவில்லை. ஒருமுறை குளியல் தொட்டியில் வைத்துவிட்டு அகிகோ நகர்ந்த நேரத்தில் கிழவர் மூழ்கப் பார்க்கிறார், நிமோனியா வந்து பிழைக்கிறார். அதன் பிறகு அவர் இருக்கும்வரை பார்த்துக்கொள்வது என்று அகிகோ முடிவெடுக்கிறாள். அதைத் தியாகம் என்று பளபளப்பாக்காமல், களைப்பில் எடுத்த முடிவாகவே எழுதியிருக்கிறார். அவள் மகன் சடோஷி, பள்ளிக்கூடப் பையன், அப்பா அம்மாவிடம் நேராகவே சொல்கிறான்: நீங்கள் இவ்வளவு காலம் இருக்காதீர்கள் என்று.

அந்த நாவல் ஜப்பானில் பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. முதியோர் பராமரிப்பு என்பது மருமகளின் வேலையா, அரசின் வேலையா என்று நாடே பேசியது. 2000ல் அங்கே நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டுத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒரு நாவலால் வந்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்தப் பேச்சைத் தொடங்கி வைத்தவர்களில் அரியோஷிக்கு இடம் உண்டு. இங்கே 2007ல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் பிள்ளைகள் கைவிட்ட பெற்றோருக்காக வந்தது. தேவையான சட்டம்தான். பிள்ளைகளை விட்டு வந்த பெற்றோரைப் பற்றி அதற்குச் சொல்ல ஒன்றுமில்லை, அண்ணியைப் பற்றியும் இல்லை.

கீதாஞ்சலி ஸ்ரீயின் இந்தி நாவல் 'ரேத் சமாதி' 2022ல் சர்வதேச புக்கர் பரிசு வாங்கியதால் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அதில் எனக்குப் பிடித்தது பரிசும் பாகிஸ்தான் பயணமும் இல்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கிடந்த 80 வயது அம்மா எழுந்து மகள் வீட்டுக்கு வருகிறாள் இல்லையா, அந்தப் பகுதி. மகள் கல்யாணம் செய்துகொள்ளாமல், தன் இஷ்டத்துக்கு வாழ்கிறவள். வர வர அந்த வீட்டில் அம்மா இளமையாகிறாள், மகள் குடும்பத்தலைவியாகிக் கிழடு தட்டுகிறாள். ஒருத்தியின் விடுதலைக்கு இன்னொருத்தி வாடகை கட்டுகிறாள். ஸ்லேன் சீமாட்டியின் கதையில் இந்தக் கணக்கு எங்கேயும் வராது.

தனியாக இருப்பது வேறு, தனியாக விடப்படுவது வேறு என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் ஒன்று எந்த நாளில் மற்றொன்றாக மாறும் என்று யாருக்கும் தெரியாது. ராஜம் கிருஷ்ணனை நினைக்காமல் இதைப் பேச முடியவில்லை. 1925ல் முசிறியில் பிறந்து, பதினைந்து வயதில் கல்யாணமாகி, கூட்டுக்குடும்பத்தின் வேலைகளுக்கு நடுவே எழுதியவர். 'வேருக்கு நீர்' நாவலுக்கு 1973ல் சாகித்திய அகாதெமி பெற்றவர். 'கரிப்பு மணிகள்' எழுதத் தூத்துக்குடி உப்பளத்துக்கே போனவர். பெண்களின் உழைப்பை அவரளவு நேரில் போய்ப் பார்த்து எழுதிய தமிழ் நாவலாசிரியர் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. பிள்ளைகள் கிடையாது. கணவர் இறந்த பிறகு கையிருப்பும் கரைந்து, முதியோர் இல்லத்திலும் பிறகு போரூரில் ஒரு மருத்துவமனையிலும் கடைசி வருஷங்களைக் கழித்தார். 2009ல் அவர் உயிரோடு இருக்கும்போதே அரசு அவருடைய எழுத்துகளை நாட்டுடைமை ஆக்கியது. 2014 அக்டோபரில் இறந்தார். அவரை ஆதரித்துப் பார்த்துக்கொண்டவர்கள் இருந்தார்கள், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் படுக்கையிலிருந்து அவர் பார்த்த அந்தக் கடைசி வருஷங்களை ஒரு நாவலாக எழுத அவருக்குத் தெம்பு இருந்திருந்தால் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன். தமிழில் முதுமையைப் பற்றி நாம் படித்ததில் பெரும்பகுதி பிள்ளைகளின் குற்றவுணர்ச்சியிலிருந்து எழுதப்பட்டது. கிழவி திண்ணையில் உட்கார்ந்திருப்பாள், பேரன் வந்து பார்ப்பான், கண் கலங்குவான். கிழவிக்கு அப்போது என்ன தோன்றியது, அவன் சீக்கிரம் கிளம்பினால் தேவலை என்று தோன்றியதா என்று எழுத ஆளில்லை. ஆர். சூடாமணி சிறுகதைகளில் இந்தப் பக்கமாக எட்டிப் பார்த்திருக்கிறார்.

காபி யார் போட்டது?

தை மாதம் மதுரைக்குப் போயிருந்தேன். பெரியம்மா மெலிந்திருந்தார், முகம் தெளிவாக இருந்தது. காலை பதினொரு மணிக்கே சாப்பாட்டை முடித்துவிடுகிறார். மூன்று வேளைச் சமையல் இரண்டு வேளையாகிவிட்டது. ராத்திரிக்கு நாலு பிஸ்கட்டும் பாலும். சென்னையில் அண்ணி இதை அனுமதிக்க மாட்டார், சர்க்கரைக்காரர்கள் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்பார். அண்ணி சொல்வதுதான் மருத்துவப்படி சரி. பக்கத்து வீட்டுப் பையனை வைத்து இரண்டு டிரங்குப் பெட்டிகளையும் இறக்கிப் பிரித்து, பைண்டு புத்தகங்களைச் செல்ஃபில் அடுக்கியிருந்தார். குளியலறையில் பிடித்துக்கொள்ள ஸ்டீல் கம்பி புதிதாகப் போட்டிருந்தது. அண்ணி வந்து நின்று ஆளை வைத்துப் போட்டுவிட்டுப் போனாராம். வீட்டுக்காரர் வாடகை ஒப்பந்தத்தில் மகன் கையெழுத்தும் வேண்டும் என்று கேட்டதையும், ஓய்வூதியம் எனக்கு வருகிறது, வாடகை நான் தருகிறேன், அவன் எதற்கு என்று இவர் கேட்டதையும், கடைசியில் அண்ணன் கையெழுத்தும் போட்டதையும் ஒரு மணி நேரம் விவரித்தார்.

மத்தியானம் அவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தபோது நான் இந்த நாவல்களை ஒவ்வொன்றாகக் கதையாகச் சொன்னேன். அலங்காரத்தை அவருக்கு ஏற்கெனவே தெரியும், "அவ பாவம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அகிகோ கதையைப் பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டார். நந்தா கவுல் கதையைக் கடைசிவரை கேட்டார். போன் வருகிற இடத்தில் அந்தத் தோழிக்காக ரொம்ப வருத்தப்பட்டார். நந்தாவின் பொய்களைப் பற்றி மட்டும் அவருக்குப் பெரிய அதிர்ச்சி இல்லை. "பிள்ளைக்குச் சொல்ற கதைல கரடி வரத்தான் செய்யும்" என்றார். நான் ஒரு ராத்திரி தூக்கம் கெட்ட விஷயம் அவருக்கு அவ்வளவுதான்.

லேடி ஸ்லேனை நான் கடைசிக்கு வைத்திருந்தேன். இது அவர் கதைதான் என்று சொல்லாமல் சொல்கிற மாதிரி, சுரங்க ரயிலில் தனியாக ஏறி வீடு பார்க்கப் போவதையும், நகைகளை மருமகளிடம் அலட்சியமாகத் தூக்கிக் கொடுப்பதையும், பிள்ளைகளிடம் முடியாது என்று சொல்வதையும் நன்றாக நடித்தே காட்டினேன். பெரியம்மா ரசித்துக் கேட்டார். அப்புறம், "அந்தம்மாவுக்குச் சமைச்சுப் போட்டது யாரு?" என்றார்.

ஜெனூ என்று ஒரு பிரெஞ்சு வேலைக்காரி, கல்யாணமான நாளிலிருந்து கூடவே இருப்பவள் என்றேன்.

"அவளுக்கு என்ன வயசு?"

அவளுக்கும் அநேகமாக அதே வயதுதான், ஒன்றிரண்டு குறைவாக இருக்கும் என்றேன்.

"மலை மேல இருந்தாளே, அந்தம்மாவுக்கு?"

ராம்லால் என்று ஒரு சமையல்காரர் இருந்தார்.

"அப்ப ரெண்டு பேரும் எங்கடி தனியா இருந்தாங்க?" என்று சொல்லிவிட்டு எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டே அடுப்பில் பாலை வைக்கப் போனார். நான் போடுகிறேன் என்றேன், இது என் வீடு, நீ உட்காரு என்றார். டம்ளரைக் கையில் கொடுக்கும்போது, எண்பத்தெட்டு வயதுக்காரிக்குக் காபி போட்டுக் கொடுத்த எண்பத்தாறு வயதுக்காரிக்கு முழங்கால் வலிக்காதா, அவளைப் பற்றி அந்தப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். ஊருக்கு வந்ததும் லேடி ஸ்லேனை மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து எடுத்திருக்கிறேன், ஜெனூ வருகிற இடங்களை மட்டும் பென்சிலால் குறித்துக்கொண்டு.